இறால் இறங்கும் நாள்

நீர்ச்செடி வளர்க்கும் மீன்தொட்டி ஒன்றைப் பார்க்கப் போனால் என் கண் முதலில் செடிகளைத் தேடாது. இறால் மேய்கிறதா என்றுதான் தேடும். ஓர் அங்குலம் வளர்ந்தாலே பெரிது என்கிற செர்ரி இறால், முன்னங்கால்களின் நுனியில் மெல்லிய தூரிகை மயிர் வைத்திருக்கும். அதைக்கொண்டு இலையை ஒற்றி எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும். ஒரு கால் இறங்கும்போது இன்னொன்று ஏறும். பூக்கட்டுகிறவர் விரல்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும். தண்ணீர் பிடிக்காவிட்டால் அந்தக் கால்கள்தான் முதலில் நிற்கும்.

மண் பரப்பி, கட்டை வைத்து, செடி நட்டுத் தண்ணீர் நிரப்பிய அன்றே தொட்டி கண்ணுக்கு நிறைவாகிவிடும். இறாலுக்கு மிக மோசமான நாட்களும் அப்போதுதான் தொடங்குகின்றன. உரம் ஏற்றிய தொட்டி மண் முதல் சில வாரங்கள் அம்மோனியாவைக் கசியவிடும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரிலும் மண்ணிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சோதித்துப் பார்த்து அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டுகிறவரை உயிர் எதையும் விடக் கூடாது. இதற்கிடையே புதுக் கட்டையின் மேல் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு படலம் படரும். பதறிப்போய்த் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். வரப்போகிறவர்களுக்கு அதுதான் பந்தி.

இறாலைத் தொட்டிக் கலைக்குள் கூட்டிவந்தவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015). காடுகளைப் படம்பிடித்த ஒளிப்படக் கலைஞர். பாசியை மருந்தால் கொல்லாமல், அதைத் தின்னும் ஒரு கண்ணாடி நிற இறாலை 1980-களில் தன் தொட்டிகளில் விட்டார். இன்று உலகம் முழுக்க அதற்கு அமானோ இறால் என்றே பெயர். லிஸ்பன் ஓஷனேரியத்தில் 2015-இல் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர். அத்தனை பெரிய காட்டையும் அவர் சிறு வாய்களை நம்பித்தான் நட்டார் என்பது எனக்கு அவரிடம் மிகப் பிடித்த விஷயம்.

என் பெரிய இழப்பு ஒரு செடிக்கட்டில் வந்தது. கடையில் பளபளவென்று இருந்தது, இலையில் ஒரு கடி கூட இல்லை. வாங்கிவந்த கையோடு நட்டேன். ஒரு மணி நேரத்தில் இறால்கள் கண்ணாடியில் முட்டிமுட்டி நீந்தின. பிறகு ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. விடிவதற்குள் நாற்பதும் போய்விட்டன. கடி இல்லாத இலை எதனால் அப்படி இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பூச்சிக்கு அடிக்கும் மருந்துக்குப் பூச்சியும் ஒன்றுதான், இறாலும் ஒன்றுதான். இப்போது புதுச் செடி எதுவானாலும் இரண்டு வாரம் வாளியில்தான் இருக்கும், தினமும் தண்ணீர் மாற்றுவேன். அவசரம் என்றால் குப்பியில் வளர்த்த திசு வளர்ப்புச் செடி வாங்குவேன். அதில் மருந்தும் இருக்காது, வேண்டாத நத்தை முட்டையும் இருக்காது.

செம்பு விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கலந்த ஹீமோசயனின்தான். ஆனாலும் தண்ணீரில் செம்பு கொஞ்சம் கூடினால் அதே உயிர் தாங்காது. மீன் நோய்க்கான மருந்துகள் சிலவற்றில் செம்பு உண்டு. செப்புக் குடத்தில் ஊற்றிவைத்த தண்ணீரையும் தொட்டிக்கு எடுக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முறித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

இறாலோடு நான் வளர்க்கும் நத்தைக்குச் சென்னை போர் தண்ணீர் ஒத்துப்போகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீரில் ஓடு வழவழவென்று வளரும். மென்மையான அமிலத் தண்ணீரில் ஓட்டின் உச்சி வெளுத்து அரித்துப்போகும். அதனால், செடி செழிக்கட்டும் என்று கார்பன் டை ஆக்சைடை அள்ளிவிடுகிறவர்கள் நத்தையையும் நினைக்க வேண்டும். வாயு கூடக் கூடத் தண்ணீரின் அமிலம் ஏறும். எனக்குப் பிடித்தது மண்ணை உழும் ஊசிக்கூம்பு நத்தை. நம் ஊர்க் குளங்களிலும் இருப்பதுதான். பகலில் மண்ணுக்குள் இருக்கும், இரவில் வெளியே வரும். பட்டப்பகலில் எல்லாம் ஒன்றாகக் கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஏறினால், வேறு வேலையைப் போட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதிப்பேன்.

மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி தாண்டினால் இறால் சோர்ந்துவிடும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு டிகிரியாவது இறங்கும். ஆவியாகிப் போகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறாது. பில்டர் உறிஞ்சும் வாயில் பஞ்சு கட்ட வேண்டியது குஞ்சுகளுக்காக. தாய் செர்ரி இறால் வயிற்றடியில் முட்டைகளை ஏறக்குறைய ஒரு மாதம் சுமந்து, நீச்சல் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். பிறப்பவை இரண்டு மில்லிமீட்டர், அச்சில் வார்த்தாற்போல் தாயின் உருவம்.

நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது அப்படி ஒரு குஞ்சு, ஊர்ந்துபோகும் நத்தையின் ஓட்டின் மேல் உட்கார்ந்து அங்கிருந்த பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. நத்தை கட்டையைத் தாண்டி ஜாவா பாசிக்குள் நுழைந்தது. குஞ்சு இறங்கவில்லை.