மதியும் சந்திரனும்

மணிமேகலையை முதலிலிருந்து இறுதிவரை முறையாகப் படித்து முடித்தோம் என்று சொல்லக்கூடியவர் நம்மிடையே மிகச் சிலரே. ஆதிரை இட்ட பிச்சையும், அமுதசுரபியின் சிறப்பும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமான செய்தியும் மேடைதோறும் கேட்டு நமக்குப் பழகியவை. 29ஆம் காதை வந்ததும் ஏட்டை மூடிவிடுகிறோம். காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கும் பகுதி அது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்றும், இவற்றின் போலிகள் என்றும் வடசொற்கள் அங்கே அணிவகுத்து வருகின்றன. கவிச்சுவை நாடிச் செல்வோர்க்கு அங்குக் கிடைப்பது மிகக் குறைவு என்பதை யாம் மறைக்க முற்படவில்லை.

ஆராய்ச்சியாளர்களின் உழைப்பிலும் பெரும்பங்கு காலக்கணிப்பிலேயே கழிந்தது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1898இல் இந்நூலைப் பதிப்பித்து வெளியிட்டார். பின்னர், நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு இக்காதை ஒத்துச் செல்வதைக் கண்டோர், அந்நூலின் வழிவந்ததே இது என்றனர். எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட ஆங்கில நூலில், சாத்தனார் திங்நாகருக்கு முற்பட்டவர் என்று வாதிட்டார். எது முந்தியது என்ற வழக்கு வளர வளர, அங்கே என்ன சொல்லப்படுகிறது என்ற வினா பின்தங்கிவிட்டது. சொல்லின் பொருள் மொழியில் எவ்வாறு நிற்கிறது, தருக்கத்தில் எவ்வாறு நிற்கிறது என்று முதற்பாடம் பயில விரும்புவோர்க்கு இக்காதையின் இரண்டு எடுத்துக்காட்டுகளே போதும் என்பது எம் கருத்து.

வாதத்தில் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றுக்குப் பக்கம் என்று பெயர். கூற்றே குற்றமுடையதாயின் அது பக்கப்போலி. அப்போலிகள் 9 என்று எண்ணும் சாத்தனார், தன்வசன விருத்தம் என்பதற்கு, ஒருவன் தன் தாயை மலடி என்று சொல்வதைக் காட்டுகிறார். உலக விருத்தம் என்பதற்கு, ஒளிரும் மதியைச் சந்திரன் அல்ல என்று சொல்வதைக் காட்டுகிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வகைப் பிழையாகத் தோன்றும். ஆனால் முதற் கூற்றில் தாய் என்ற சொல்லும் மலடி என்ற சொல்லும் ஒன்றையொன்று அழிக்கின்றன. அந்தத் தாயைச் சென்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாம் கூற்றிலோ சொற்கள் தம்முள் மோதவில்லை. மதி, சந்திரன் என்னும் இரண்டு பெயர்களையும் உலகத்தார் ஒரே பொருளுக்கு வழங்குகின்றனர். அவ்வழக்கு ஒன்றே அக்கூற்றைப் பொய்யாக்குகிறது. பிழையின் இருப்பிடம் இவ்வாறு வேறுபடுவதாலேயே அவை இரு வேறு போலிகளாக வைக்கப்பட்டன. உலக விருத்தத்திற்கு நியாயப்பிரவேசம் தரும் எடுத்துக்காட்டு வேறு: மனிதன் தலையோடு தூயது என்பது. அது ஆசாரம் பற்றிய வழக்கு. மதி பற்றியதோ சொல் பற்றிய வழக்கு. அவ்வுதாரணம் சாத்தனாரே படைத்ததன்று, திங்நாகர் மரபில் உள்ளதுதான். எனினும் இரண்டனுள் இதனையே தமிழில் நிறுத்தியது நல்ல தேர்வு என்போம்.

இதன் நுட்பத்தை எமக்கு உணர்த்தியவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். எம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒருநாள் ஆசிரியை கரும்பலகையில் 'மதி = சந்திரன்' என்று எழுதினார். இவ்வூரில் பிறந்து, பள்ளியில் இந்தி பயிலும் ஒரு சிறுமி எழுந்து, "ரெண்டும் ஒண்ணுன்னா, புதுசா என்ன சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னரே அது சிரிக்கத்தக்க வினா அன்று என்பது எமக்குத் தெரிந்தது. இந்திச் சொல்லின் துணையால் சந்திரன் அவளுக்கு முன்பே தெரியும், மதி தெரியாது. காவிரிக்கரையில் வளர்ந்த நமக்கு அவ்வரி எதையும் சொல்வதில்லை. அவளுக்கோ அது ஒரு செய்தி. பொருள் ஒன்றேயாயின், ஒருவர்க்குச் செய்தியாவது மற்றவர்க்கு வெறும் சொல்லாய் நிற்பது எவ்வாறு?

யெனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த கோட்லோப் பிரெகே என்னும் ஜெர்மானிய அறிஞர் 1892இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட வினா இதுவே. விடியலில் தோன்றும் வெள்ளியும் அந்தியில் தோன்றும் வெள்ளியும் ஒரே கோள். விடிவெள்ளி விடிவெள்ளியே என்பதை எவரும் வானைப் பாராமலே சொல்லிவிடலாம். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்றே என்பதை மக்கள் வானை நோக்கிக் கண்டறிய வேண்டியிருந்தது. ஆகவே ஒரு பெயர்க்கு அது சுட்டும் பொருள் ஒன்று, அப்பொருளை அப்பெயர் நமக்குக் காட்டும் வகை மற்றொன்று என இரண்டைப் பிரெகே பிரித்தார். 'சந்திரன் வானில் எழும் என்று சிறுமி அறிவாள்' என்பது உண்மை. சந்திரனை நீக்கி மதியை வைத்தால், அந்த ஞாயிற்றுக்கு முன்னர் அவ்வாக்கியத்தை உண்மை என்று ஒப்புவது அரிது. சுட்டும் பொருள் மாறவில்லை; வாக்கியத்தின் மெய்ம்மையே ஐயத்துக்கு உள்ளாகிறது.

தமிழில் இப்பிரிவினையைப் பேசுவது எளிதன்று. பொருள் என்னும் ஒரே சொல் பண்டத்துக்கும், சொல் உணர்த்தும் கருத்துக்கும், செல்வத்துக்கும் பெயராக நிற்கிறது. செய்யுளில் இவ்விரிவு அழகு, தருக்கத்தில் இடையூறு.

தொல்காப்பியர் இத்துறையில் சொன்னவை சிலவே, ஆயினும் செறிவானவை. சொல்லானது பொருளையும் உணர்த்தும், சொல்லாகிய தன்னையும் உணர்த்தும் என்று கண்டு, பொருண்மை, சொன்மை எனப் பெயரிட்டார். மதி எழுந்தது என்னுமிடத்து வானத்து மதியும், மதி ஈரெழுத்துச் சொல் என்னுமிடத்து அச்சொல்லும் உணரப்படுதல் காண்க. பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையில்லை என்றும், உணரும் வாயில் உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்றும் உரியியலில் உரைத்தார். மதியைச் சந்திரனாலும், சந்திரனை நிலாவாலும், நிலாவைத் திங்களாலும் விளக்கப் புகுந்தால், 'திங்கள் கிழமையாயிற்றே' என்று அச்சிறுமி மறுபடியும் எழுவாள். எங்கேனும் ஓரிடத்தில் சொல்லை நிறுத்தி, மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று சுட்டிக்காட்ட வேண்டும். எம் வகுப்போ பகல் பத்து மணிக்கு நடப்பது!

இதனாலேயே தொல்காப்பியர் பிரெகேக்கு முன்னரே எல்லாம் கண்டுவிட்டார் என்று முழங்குவதை யாம் ஏற்கவில்லை. தொல்காப்பியரின் கவலை கற்போன் சொல்லை உணர்வது பற்றியது. பிரெகேயின் கவலை எண்கணிதத்தின் அடிப்படையும் வாக்கியத்தின் மெய்ம்மையும் பற்றியது. சாத்தனாரின் கவலை சமயவாதத்தில் எக்கூற்று நிற்கும், எது வீழும் என்பது. நோக்கங்களைக் கலந்துவிட்டால் மூவரையுமே இழப்போம்.

சாத்தனாரிடம் எமக்கு ஒரு குறையும் உண்டு. வஞ்சியில் பல சமயவாதிகளை நேரில் வினவிய மணிமேகலை, இங்கே ஒரு வினாவும் எழுப்பாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உலகம் என்றீரே, அடிகளே, எவருடைய உலகம் என்று அவள் ஒருமுறை கேட்டிருந்தால் இக்காதை உயிர் பெற்றிருக்கும். விடைக்கு வேண்டிய கருவி அதே பட்டியலில் கிடக்கிறது. அப்பிரசித்த விசேடணம் என்னும் போலிக்கு, பௌத்தன் ஒருவன் சாங்கியனை நோக்கி ஒலி அழிவுடையது என்று சொல்வதைச் சாத்தனார் காட்டுகிறார். எப்பொருளும் அடியோடு அழிவதில்லை என்பது சாங்கியன் கொள்கை. ஆகவே அவனிடம் அக்கூற்றை அவ்வாறே வைத்தல் குற்றமாகிறது. அக்குற்றம் ஏறுவது சொன்ன பௌத்தன்மீது. கேட்ட சாங்கியன்மீது அன்று. மதி சந்திரன் அல்ல என்று அச்சிறுமி அன்று மறுத்திருந்தால், உலக விருத்தம் என்று நாம் அவளைக் கடிந்திருக்க முடியுமா என்பதை இப்பட்டியலோடு வைத்தே பார்க்க வேண்டும்.