யார் தகுந்தவர்?
ஊனமுற்ற குழந்தைகளின் கல்விச் சட்டங்களை முன்வைத்து

1

சட்டமும் ஒரு பிரதிதான், அதை வாசிக்க வேண்டும் என்பதில் இந்த இதழின் வாசகர்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்காது. தடா வாசிக்கப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வாசிக்கப்பட்டது, இட ஒதுக்கீட்டுத் தீர்ப்புகள் பத்தி பத்தியாகப் பிரித்துப் போடப்பட்டன. ஊனமுற்ற குழந்தைகளின் கல்வி பற்றிய சட்டங்கள் மட்டும் ‘நலத்திட்டம்’ என்ற அலமாரியிலேயே கிடக்கின்றன. கருணையின் குரலில் பேசப்படுவது எதுவும் அதிகாரம் அல்ல என்கிற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். (அரசு இப்போது ‘மாற்றுத்திறனாளி’ என்கிறது. பெயர் மாறிய வேகத்தில் பள்ளிக்கூட வாசலில் சாய்தளம் வரவில்லை என்பதால் நான் பழைய சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.)

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு சொல்லை. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஊனமுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் 18 வயதுவரை ‘தகுந்த சூழலில்’ இலவசக் கல்வி கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்றது. (மொழிபெயர்ப்பு என்னுடையது.) அந்தச் சட்டம் போய் 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதும் அதன் 31ஆம் பிரிவில் இதே தொடர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இலக்கணப்படி ‘தகுந்த’ என்பது சூழலுக்கான அடை. குழந்தைக்குத் தகுந்ததாகப் பள்ளி இருக்க வேண்டும் என்று பொருள். நடைமுறையிலோ இந்த அடை சூழலை விட்டு நழுவிக் குழந்தையின் தலைமேல் ஏறிவிடுகிறது. அங்கே ஏறியதும் அது ‘தகுதி’ ஆகிறது. ஆங்கிலத்தில் இதற்கும் அதற்கும் வேறுவேறு சொற்கள் என்பதால் நழுவல் கண்ணில் படாது. தமிழில் இரண்டும் ஒரே வேர். 1990இல் மண்டலுக்கு எதிராகத் ‘தகுதி, திறமை’ என்று கூவியவர்களைக் கேட்ட காதுகளுக்கு இந்த வேர் எங்கே போகும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2

நழுவல் எப்படி நடக்கிறது? முதலில் 1995 சட்டத்துக்குள்ளேயே. 26ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு ‘உறுதிசெய்ய வேண்டும்’ என்கிறது. அடுத்த உட்பிரிவு, ஊனமுற்ற மாணவர்களை ‘இயல்பான பள்ளிகளில்’ ஒருங்கிணைக்க ‘முயல வேண்டும்’ என்று சுருதி இறங்குகிறது. இயல்பான பள்ளி! பள்ளிக்கு இயல்பு என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டால் வெளியே நிற்கிற பிள்ளை தானாகவே பிறழ்வு ஆகிவிடுகிறது. ஒருங்கிணைப்பு என்பதற்கு, இருக்கிற பள்ளி இருக்கிறபடியே இருக்க, அதற்குள் பொருந்துகிற பிள்ளை உள்ளே வரலாம் என்பதற்கு மேல் அர்த்தமில்லாமல் போகிறது.

அடுத்தது சான்றிதழ். அந்தச் சட்டம் ஏழு வகை ஊனங்களைத்தான் அங்கீகரித்தது. ஆட்டிசம் அதில் இல்லை, கற்றல் குறைபாடு இல்லை. பட்டியலில் இருந்தாலும் மருத்துவர் 40 சதவீதம் என்று எழுத வேண்டும். 2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. 40 சதவீதத்தை விடவில்லை. தேர்வும் பரிசோதனையும் மனிதரை ஒரு ‘கேஸ்’ ஆக்கிவிடுகின்றன என்று ஃபூக்கோ எழுதியதைப் படித்திருக்கிறோம். இங்கே ஒரு ஆறு வயதுப் பிள்ளை மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று அந்தக் கேஸ் ஆகிறது.

2016 சட்டத்தில் இது இன்னும் நுட்பமாக அமைந்திருக்கிறது. 16ஆம் பிரிவு எல்லா ஊனமுற்ற குழந்தைகளுக்குமானது. ஆனால் அங்கே உள்ளடக்கிய கல்விக்கு அரசு ‘முயல வேண்டும்’, அவ்வளவுதான். 31ஆம் பிரிவு ‘உரிமை’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. அது 40 சதவீதச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். அதாவது எல்லோருக்கும் முயற்சி, சிலருக்கு உரிமை. 38 சதவீதப் பிள்ளைக்கு அரசு முயன்றுகொண்டே இருக்கலாம்.

3

இந்தச் சொல்லின் கதை நம்முடையது மட்டுமல்ல. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மையத் தொடரே ‘இலவச, தகுந்த பொதுக் கல்வி’ என்பதுதான். அங்கேயும் சண்டை அந்த அடையின்மேல்தான். ஏமி ரௌலி என்ற காது கேளாத சிறுமிக்கு வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பிள்ளை வகுப்புக்கு வகுப்பு தேறிக்கொண்டுதானே இருக்கிறாள், ஓரளவு கல்விப் பயன் கிடைத்தால் போதும், அவளுடைய முழு ஆற்றலையும் வெளிக்கொணரச் சட்டம் கேட்கவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. வகுப்பில் பேசப்பட்டதில் எவ்வளவு அவளுக்குப் போய்ச் சேராமல் நின்றது என்பது கணக்கில் வரவில்லை. அவள் உதடுகளைப் படிக்கக் கற்ற சாமர்த்தியமே அவளுக்கு எதிரான சாட்சியம் ஆனது.

35 ஆண்டுகள் கழித்து, 2017இல், ஆட்டிசம் உள்ள எண்ட்ரூ என்ற சிறுவனின் வழக்கில் அதே நீதிமன்றம் அளவுகோலை உயர்த்தியது. ஒன்றுமில்லாததைவிடச் சற்றுக் கூடுதல் என்பதெல்லாம் கல்வி ஆகாது, குழந்தையின் நிலைமைகளுக்குத் ‘தகுந்த’ முன்னேற்றம் வேண்டும் என்றது. வரவேற்க வேண்டிய தீர்ப்புதான். ஆனாலும் கவனியுங்கள், ‘தகுந்த’ இப்போது வெளிப்படையாகவே குழந்தையின் நிலைமைகளோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது.

ஆனாலும் அங்கே ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் தனித் திட்டம் போட வேண்டும். அதைப் போடும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர். ஒத்துவராவிட்டால் பள்ளி நிர்வாகத்தை விசாரணைக்கு இழுக்கலாம். சண்டை போட ஒரு மேசையாவது உண்டு. இங்கே பெற்றோர் மாநில ஆணையரிடம் போகலாம். அவர் விசாரித்துப் பரிந்துரைப்பார். சம்பந்தப்பட்ட அதிகாரி அதை ஏற்க முடியாது என்றால் மூன்று மாதத்துக்குள் காரணத்தைத் தெரிவித்துவிட்டு நகரலாம். அதற்குள் ஒரு பருவத் தேர்வே முடிந்துபோயிருக்கும்.

4

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது ‘பின்தங்கிய பிரிவினர்’ என்ற வரையறைக்குள் ஊனமுற்ற குழந்தைகள் இல்லை. 2012 திருத்தம் சேர்த்தது. சேர்த்த கையோடு, பல்வகை ஊனமும் தீவிர ஊனமும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுத்தது. தேர்ந்தெடுப்பது யார்?

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமியின் அம்மாவோடு ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் கோபப்படவில்லை, விரட்டவுமில்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார். “நாங்க வேணாம்னு சொல்லலம்மா. சட்டத்துலயே வீட்ல வச்சுப் படிக்கலாம்னு இருக்கு. டீச்சர் வீட்டுக்கே வருவாங்க. பிள்ளைக்கும் அதான் நல்லது. இங்க மத்த பசங்க இடிச்சுத் தள்ளிட்டா யாரு பதில் சொல்றது?” வெளியே வந்ததும் அந்த அம்மா சொன்னார்: “பாத்தீங்களாண்ணே, உரிமைன்னு சொல்லியே வெளிய அனுப்பிட்டாரு.” எந்தக் கோட்பாட்டாளரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அந்தத் தலைமையாசிரியரைத் திட்டுவதில் பயனில்லை. அவருடைய பள்ளியில் சிறப்பாசிரியர் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வருகிறவர் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு ஓடுகிறவர். 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் சிறப்பாசிரியர்களுக்கு ஒரு விகிதமே வந்தது. தொடக்க நிலையில் ஊனமுற்ற மாணவர் 10 பேருக்கு ஒருவர், உயர்தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பணியிடங்களை உருவாக்குங்கள் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளியைத் தகுந்ததாக்கும் செலவைத் தவிர்க்கிற அரசு, பிள்ளைக்குத் தகுதி இல்லை என்று சொல்ல ஒரு தலைமையாசிரியரை அனுப்பிவைக்கிறது.

5

ஒரு எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். சிறப்புப் பள்ளிகளை மூடிவிட வேண்டும் என்கிறாயா? இல்லை. காது கேளாதோர் பலருக்கு அந்தப் பள்ளிகளும் விடுதிகளும்தான் சைகைமொழியைக் கொடுத்தன. வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் சிரிக்கவும் சண்டைபோடவும் அங்கேதான் கற்றார்கள். சைகைமொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து ‘உள்ளடக்கம்’ என்று பெயரிடுவது இன்னொரு விலக்கல். ஆகவே எந்தக் கட்டடம் என்பதல்ல கேள்வி. 31ஆம் பிரிவு, அருகமைப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, குழந்தையின் ‘விருப்பப்படி’ என்கிறது. இரண்டு கதவும் திறந்திருந்தால்தான் அது விருப்பம். ஒரு கதவு மூடியிருக்கும்போது மற்றதைக் காட்டுவதற்கு நாம் வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? 2016 சட்டம் உள்ளடக்கிய கல்வியை வரையறுக்கும்போது, கற்பிக்கும் முறைதான் மாணவருக்கு ஏற்பத் தகவமைக்கப்பட வேண்டும் என்கிறது. அடை சரியான இடத்தில் இருக்கிற வரி இது. இதைப் பிடித்துக்கொண்டு மற்ற வரிகளோடு மல்லுக்கு நிற்கலாம். சேர்க்கை மறுத்தால் எழுத்தில் கொடு என்று கேட்கலாம். வாய்ச்சொல்லாக இருக்கும்வரைதான் மறுப்பு ‘அறிவுரை’யாக வேடம் போட முடியும். 16ஆம் பிரிவின் ‘முயல’ என்பதை ‘உறுதிசெய்ய’ என்று திருத்தக் கோரலாம். கல்வி உரிமைக்கு 40 சதவீதம் எதற்கு என்று கேட்கலாம். சிறப்பாசிரியர்களின் பணி நிரந்தரப் போராட்டம் அவர்களுடைய சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல என்று சொல்லலாம்.

பொதுப்பள்ளி, அருகமைப் பள்ளி என்ற கோரிக்கைகளை நம் கல்வி இயக்கங்கள் நீண்டகாலமாக எழுப்பி வருகின்றன. சாதியையும் வர்க்கத்தையும் முன்வைத்து எழுந்த கோரிக்கைகள் அவை. அருகமைப் பள்ளி என்ற அதே சொல் ஊனமுற்றோர் சட்டத்தின் 31ஆம் பிரிவிலும் இருக்கிறது. இரண்டு கோரிக்கைகளையும் ஒரே துண்டறிக்கையில் எழுதுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களை எழுதுகிற தோழர்கள் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.