கொடைக்கானலுக்கு வேண்டியது மரக்கன்று மட்டுமா?

கொடைக்கானலில் நல்ல காரியம் ஏதாவது செய்ய நினைக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது மரம் நடுவதுதான். கல்லூரி முகாமானாலும், பெருநிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியானாலும் குழி வெட்டி, கன்று வைத்து, பலகை நட்டு, படம் எடுத்துக்கொண்டு மலையிறங்குகிறார்கள். அவர்கள் எண்ணத்தில் குறை காண முடியாது. ஆனால் கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் மேல்தட்டுக்கு நேர்ந்த பெருஞ்சேதம் மரம் வெட்டியதால் மட்டும் வந்ததல்ல, மரம் நட்டதாலும் வந்தது. இதை அறியாமல் அந்த மலைக்குக் கொடுக்கப்படும் பணத்தில் ஒரு பகுதி மலைக்கே எதிராகப் போய்விடுகிறது.

இரண்டாயிரம் மீட்டரை ஒட்டிய அந்த உயரத்தில் இயற்கை அமைத்திருந்தது பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி என்ற ஏற்பாடு. பருவமழையைப் புல்லும் சோலையும் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகக் கீழே விட்டன. வருவாய்த்துறையின் கண்ணுக்கு அந்தப் புல்வெளி வெறும் தரிசாகத்தான் தெரிந்தது. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று சீகையையும், கூழுக்கும் விறகுக்கும் யூகலிப்டஸையும், கட்டைக்குப் பைனையும் அதில் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் இந்த வேகம் கூடியது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று காட்டியது. சோலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. குறிஞ்சி பூப்பது புல்வெளிச் சரிவுகளில்தான். 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். இன்று பயணிகள் ஆவலோடு போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் மனிதர் வைத்த தோப்புதான்.

இந்த உண்மையை ஊருக்கு எடுத்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தொண்டர்களும் அறிஞர்களும். நன்கொடையில் இயங்கும் உள்ளூர் அமைப்புகளின் முதல் வலிமையாக நான் கருதுவது இந்த அறிவைத்தான். திருச்சி ராபினட் தாவரக்காப்பகத்தை நிறுவிய பாதிரியார் கே.எம். மாத்யூ பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலை 1999இல் வெளியிட்டார். எந்தச் செடி இந்த மண்ணுக்கு உரியது என்று சொல்ல அது பெரிய ஆதாரம். வட்டக்கானலில் ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற பிரிட்டிஷ் இணையர் சோலை மரங்களின் விதைகளைத் தேடிப் பொறுக்கி நாற்றங்கால் வளர்த்தார்கள். அற்றுப்போனதாகக் கருதப்பட்ட எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்ற மரம் மீண்டும் கண்டறியப்பட்டதில் அவர்களுக்குப் பங்குண்டு. எந்த அரசுத் திட்டமும் இந்தப் பொறுமையை விலைக்கு வாங்கியிருக்க முடியாது.

இரண்டாவது வலிமை காவல். 1985இல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் குழு 2001இல் செய்தது அதற்குச் சான்று. அமெரிக்காவிலிருந்து 1980களில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்து, பிறகு இந்துஸ்தான் லீவர் வசம் வந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல்லில் பள்ளிக்கு அருகே ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. கிரீன்பீஸோடு சேர்ந்து குழு அதை வெளிக்கொண்டுவந்தது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016இல்தான். பதினைந்து ஆண்டு விடாமல் நிற்க ஊரில் வேரூன்றிய அமைப்பு வேண்டும். விழா நாளில் வந்து காசோலை கொடுப்பவரால் அது ஆகாது.

இனிக் குறைகள். குறைகளில் பாதி, கொடுக்கும் முறையிலேயே இருக்கிறது. கொடுப்பவருக்கு எண்ணிக்கை வேண்டும், இத்தனை ஆயிரம் கன்று என்று அறிக்கையில் போட வேண்டும். சீகை விஷயத்தில் இந்தக் கணக்கு எப்படித் தோற்கிறது என்று பாருங்கள். சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். மரத்தை வெட்டினாலும் தீ பட்டாலும் வெளிச்சம் கண்டு ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒரு சரிவைப் புல்வெளியாக மீட்க, வெட்டிய பிறகும் ஆண்டுதோறும் ஆள் போய் முளையைப் பிடுங்க வேண்டும். சமூகப் பொறுப்பு விதிகளின்படி தொடர் திட்டம் ஒன்றுக்குத் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுதான் வரம்பு. நிதி முடிகிற நேரத்தில் முளை மறுபடி தலைதூக்கும். களை பிடுங்கும் கூலிக்கு யாரும் பலகை வைப்பதில்லை.

சீகைத் தோப்பை எங்கும் வெட்டித் தள்ளுவதும் சரியாகாது. அதன் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக எழுவதைப் பால்கரும் ஸ்டூவர்ட்டும் கவனித்து, கண்மூடி வெட்டாதீர்கள் என்று வாதிட்டார்கள். எங்கே விட்டுவைப்பது, எங்கே வெட்டுவது என்பது சரிவுக்குச் சரிவு மாறும் முடிவு. நிதி கொடுப்பவர் அந்த முடிவை உள்ளூர் அறிவிடம் விடுவதேயில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

சட்டமும் சிறிய அமைப்புகளுக்குக் கடினமாகியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. வெளிநாட்டுப் பணம் பெறும் ஓர் அமைப்பு அதை இன்னொன்றுக்குப் பகிர்ந்து தருவதையும் தடைசெய்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்று அரசு கேட்பது நியாயம். ஆனால் பெரிய அமைப்பு வழியாகச் சின்ன நாற்றங்காலுக்குப் போய்ச் சேர்ந்த வழி அடைபட்டுவிட்டது. புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகையும் இல்லை.

அமைப்புகளின் பக்கமும் குறை உண்டு. ஓரிருவர் உழைப்பின் மேல் நிற்கும் அமைப்பு, அவர்கள் ஓய்ந்தால் ஓய்ந்துவிடும். இதைவிட வேதனையானது, மலையின் முதற்குடிகளான பளியர்கள் இத்திட்டங்களில் பெரும்பாலும் கூலிக்கு மட்டும் அழைக்கப்படுவது. சோலையின் தேனையும் கிழங்கையும் தலைமுறையாக அறிந்தவர்களுக்கு 2006இன் வன உரிமைச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அமைப்பின் நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு இடம் தரப்பட வேண்டும். மலை ஊர்களான பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் உழவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் காட்டுப் பாதுகாப்பு நிலைக்காது.

நிதி தொடர்ந்து வரும் ஏற்பாட்டுக்கு ஓர் உதாரணம் பாருங்கள். கரீபியக் கடலில் சபா என்று ஒரு டச்சுத் தீவு இருக்கிறது. பரப்பு 13 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 2,000 பேர். 1987இல் அங்கே ஒரு கடற்பூங்கா அமைத்து, உள்ளூர் அறக்கட்டளையிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். கடலில் மூழ்கிப் பவளப்பாறை பார்க்க வருகிறவர் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் செலுத்துகிறார், அது கடலைக் காக்கும் அறக்கட்டளைக்கே போகிறது. இதிலும் பலவீனம் உண்டு. பயணிகள் வராத கொரோனா காலத்தில் இப்படிக் கட்டணத்தை நம்பிய பூங்காக்கள் உலகெங்கும் தடுமாறின. ஆயினும் அனுபவிப்பவரே செலவைத் தாங்குவது சரியான கொள்கை.

கொடைக்கானலில் இந்தக் கொள்கை முழுமையாக நடைமுறையில் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. வாகனக் கணக்கு தெரிகிறது, ஆனால் பாஸுக்குக் கட்டணம் இல்லை. ஒரு வண்டிக்குச் சிறிய தொகை வாங்கி, தனிக் கணக்கில் போட்டு, ஆண்டுதோறும் வரவுசெலவை நகராட்சி வாசலில் ஒட்டினால், சீகை முளை பிடுங்கும் பத்தாண்டுக் கூலி அதிலிருந்தே கிடைக்கும். மலைநீரைக் குடிக்கும் கீழ்நாட்டு ஊர்களுக்கும் இதில் கடமை உண்டு. பெரியகுளத்துக்கு இந்த மலையின் பேரிஜம் ஏரியிலிருந்து குடிநீர் வருகிறது. பழனி வட்டாரத்தின் வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு அணைகளும் இந்த மலையின் ஓடைகளால்தான் நிரம்புகின்றன.

கொடைக்கானலுக்குப் பணம் கொடுக்க விரும்பும் வாசகரே, கொடுக்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். நடும் கன்று சோலை மரமா? நடும் இடம் முன்பு புல்வெளியா? ஐந்தாம் ஆண்டு யார் அங்கே போய்ப் பார்ப்பார்கள்? குழுவில் பளியர் ஒருவராவது இருக்கிறாரா? பதில் சரியாக இருந்தால், கன்றுக்கு என்று குறிப்பிடாமல், ஆள் சம்பளத்துக்கும் களையெடுப்புக்கும் என்று எழுதி, ஆண்டுதோறும் கொடுங்கள்.