லண்டன் கனவும் அட்லாண்டா உத்தரவும்

பில்லி ஒயில்டர் 1961-இல் இயக்கிய 'ஒன், டூ, த்ரீ' என்னும் நகைச்சுவைப் படத்தைப் பனிப்போர்க் கிண்டல் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். பொதுவுடைமையும் முதலாளித்துவமும் அதில் மாறி மாறி அடி வாங்குவது மெய்யே. ஆயினும், பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்துள்ள நமக்கு அஃது ஓர் இடமாற்றத்தின் கதையாகவே தோன்றுகிறது.

ஹங்கேரிய நாடகாசிரியர் மோல்னாரின் ஓரங்க நாடகமே இதற்கு மூலம். மேற்குப் பெர்லினில் கொக்கோ கோலா நிறுவனக் கிளையின் தலைவர் மக்னமாரா. அவர் கண்ணெல்லாம் லண்டன் பதவியின்மீது. அதற்காகச் சோவியத் நாட்டிலும் தம் பானத்தை விற்க மூன்று ருஷ்ய அதிகாரிகளோடு பேரம் பேசுகிறார். அட்லாண்டாவில் வீற்றிருக்கும் முதலாளியோ, சுற்றுலா வரும் தம் மகளைக் காக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டுகிறார். அவளோ கிழக்குப் பெர்லின் பொதுவுடைமை இளைஞன் ஒட்டோவை இரகசியமாக மணந்துகொள்கிறாள். முதலாளி விமானத்தில் வந்திறங்குமுன் அம்மாப்பிள்ளையைச் சீமானாக்க வேண்டும். கழிப்பறையில் ஊழியம் புரியும் பிரபு ஒருவர் பணம் பெற்று அவனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்கிறார்!

அலுவலகக் காட்சிகள் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு விளக்கமின்றியே விளங்கும். தலைவர் நுழைந்ததும் அனைவரும் விறைத்து எழுகின்றனர். உட்காருங்கள் என்று அவர் அதட்ட வேண்டியிருக்கிறது. உதவியாளர் ஷ்லெம்மர் குதிகால்களை ஒட்டி வணங்குகிறார். ஹிட்லர் காலத்தில் தாம் நிலத்தடியில் இருந்ததாகச் சொல்கிறார். அதாவது சுரங்க ரயிலில் வேலை! 1933-இல் பெர்லினைவிட்டு வெளியேற நேர்ந்த யூதர் ஒயில்டர் என்பதை நினைத்தால் இச்சிரிப்பின் கூர்மை புலப்படும்.

நம் குறை வேறு. மக்னமாராவின் மனைவி பிலிஸ் கேட்பது ஒன்றே: பிள்ளைகள் சொந்த ஊரில் வளரவேண்டும். புதுதில்லியிலும் பம்பாயிலும் நம் இல்லத்தரசியர் எத்தனை முறை கேட்ட கேள்வி இது! படம் இதற்காக ஒரு கணமும் நிற்பதில்லை. அடுத்த நகைச்சுவை துரத்திக்கொண்டு வந்துவிடுகிறது. இவ்வேகத்தைப் புகழ்வோர் உண்டு. பிலிசை அடித்துக்கொண்டு போன வெள்ளமும் இதுவே. முடிவில் லண்டன் பதவி ஒட்டோவுக்குப் போகிறது. மக்னமாராவுக்கு அட்லாண்டா தலைமையகம். பிலிஸ் விரும்பியது கிட்டுகிறது. ஆனால் அவள் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் யாருமில்லை. மேலிடத்து உத்தரவு தற்செயலாக அவள் பக்கம் விழுந்தது, அவ்வளவே.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. பிராண்டன்பர்க் வாயிலின் போலியை மியூனிக்கில் அமைத்துப் படத்தை முடித்தனர். நகரம் பிளவுண்டிருந்த வேளையில் ஜெர்மானியர் சிரிக்கவில்லை. 1985-இல் மறுபடி திரையிட்டபோது மேற்குப் பெர்லின் அதனைக் கொண்டாடியது.

இறுதிக் காட்சி விமான நிலையத்தில். குடும்பத்தோடு இணைந்த மகிழ்ச்சியில் இயந்திரத்தில் காசு போட்டுத் தம் நிறுவனப் பானத்தை எடுக்கிறார் மக்னமாரா. கடைசியாக வரும் புட்டி பெப்சி. ஷ்லெம்மரின் பெயரைச் சொல்லி அலறுகிறார்.