தொப்பி போட்ட வினைச்சொல்

விழைவையும் ஐயத்தையும் சொல்லும் பிரெஞ்சு வினைவடிவமான இறந்தகால சப்ஜோன்க்டிஃபைச் சோம்பல்தான் கொன்றது என்று இலக்கணப் பற்றாளர்கள் புலம்புவார்கள். ஆக்க விதியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எழுத்துவழக்கின் இறந்தகாலமான பாசே சாம்ப்லின் முன்னிலை ஒருமையோடு விகுதியைச் சேர்த்தால் போதும். விதிவிலக்குத் தேட வேண்டியதில்லை. கொன்றது ஓசை. பேசுதலைக் குறிக்கும் 'பார்லே', 'பார்லாஸ்', 'பார்லாசியோன்' என்று சீறிக்கொண்டு விரியும்போது கேட்பவருக்குச் சிரிப்பு வருகிறது. நகைச்சுவை எழுத்தாளர் அல்போன்ஸ் அலேயின் பெயரில் வழங்கும் காதல் புலம்பல் கவிதை பெரும்பாலும் இந்தச் சீறலை வைத்துச் செய்த கேலிதான். வடிவம் போனால் பொருளும் போகாதா என்று கேட்கலாம். போகாது, முதன்மை வினையே காலத்தைச் சொல்லிவிடுகிறது. முடித்தலைக் குறிக்கும் 'ஃபினீர்' போன்ற வினைகளில் ஆறு வடிவங்களில் ஐந்து, சப்ஜோன்க்டிஃபின் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒன்றேதான். அதனால் யாரும் தடுமாறியதில்லை. 1976-இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகமே தேர்வுகளில் இறந்தகால வடிவத்துக்குப் பதிலாக நிகழ்கால வடிவத்தை ஏற்கச் சொன்னது.

ஆனால் படர்க்கை ஒருமையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் சீறல் இல்லை. பழைய 'எஸ்' உதிர்ந்த இடத்தில் உயிரெழுத்தின் தலையில் ஒரு தொப்பிக்குறி, அவ்வளவே. 'இருந்தான்' என்பதற்கும் 'இருக்கவேண்டும்' என்று விழைந்ததற்கும் காதில் ஒரே 'ஃப்யு'. நடந்ததையும் நினைத்ததையும் பிரிப்பது அந்தச் சிறு கூரை மட்டும். காதுக்கு எட்டாத இலக்கணம் வெறும் அலங்காரம் என்பார்கள். எழுத்து காதுக்கு மட்டுமா கடமைப்பட்டது? இலக்கிய உரைநடையில் இந்த ஒரு வடிவம் இன்னும் கூச்சமின்றி நடமாடுகிறது. அதன் உடன்பிறப்புகளைத்தான் காணோம்.