பெறக் கற்ற ஊழியன்

ஐடகோ மாநிலத்து இளைஞரான ஜான் குரோபர்க், 1950-களில் மார்மன் சபையின் ஊழியராகத் தொங்கா நாட்டின் நியுவாடோபுடாபு தீவுக்குச் சென்றார். அவருடைய நினைவுகளைத் தழுவி மிட்ச் டேவிஸ் இயக்கி, 2001-இல் வெளிவந்த 'தி அதர் சைட் ஆஃப் ஹெவன்' என்னும் திரைப்படத்தின் முற்பகுதி நம் சிந்தனைக்குரியது.

போதிக்க வந்தவர் அங்கே முதலில் பேச்சிழந்தவராகிறார். உறங்குகையில் எலிகள் அவருடைய உள்ளங்கால்களைக் கடித்துவிடுகின்றன. வழிக்கும் சொல்லுக்கும், உடன் ஊழியரான தொங்கா நாட்டவர் பெக்கியையே நம்பி நிற்கிறார். கொடுக்க வந்தவர் பெறக் கற்றுக்கொள்ளும் இந்நாட்களே படத்தின் உயிர்நிலை எனலாம்.

ஆங்கில வேதாகமத்தையும் தொங்கா மொழி வேதாகமத்தையும் ஒப்பிட்டு வாசித்து அவர் மொழி கற்கும் காட்சி அழகியது. ஆயினும் அந்நூலின் வரலாற்றைப் படம் தொடவில்லை. 1826 முதல் அங்கு நிலைபெற்ற வெஸ்லியன் மிஷனின் உழைப்பில் விளைந்தது அம்மொழி வேதாகமம். பிற்காலத்தில் முதலாம் ஜார்ஜ் துபோ என அரசாண்டவர் 1831-இலேயே ஞானஸ்நானம் பெற்றார். அங்ஙனமிருக்க, தீவின் மெதடிஸ்து போதகர் முதலில் வெறும் தடையாகவே காட்டப்படுகிறார். பெக்கியின் உள்ளமும் நமக்குத் திறக்கப்படுவதில்லை. கற்றுக்கொடுத்தவர்கள் பின்னணியாகிவிட, கற்றவரே வீரராகிறார். இதுவே படத்தின் பெருங்குறை.

மார்மன் உபதேசத்தோடு நாம் இசைவதற்கில்லை. எனினும் இக்குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஊழியத்திற்குச் செல்லுமிடத்தில், நமக்கு முன்னே உழைத்தவர்களையும் நம்மை ஏற்றுத் தாங்குகிறவர்களையும் நாம் காண்கிறோமா?