ஜாக்கியின் கணக்கும் பந்தயக்காரரின் கைக்காசும்

2024 அக்டோபர் 5-ஆம் நாள் சிங்கப்பூரின் கிராஞ்சி திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. எட்டு மாதத்துக்குள், 2025 மே 31-இல், பினாங்கு டர்ஃப் கிளப்பும் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. சிங்கப்பூர் கிளப் 1842-இல் தோன்றியது, பினாங்கு கிளப் 1864-இல். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று தெற்குக் கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழ்ந்த தமிழர்களுக்குப் பினாங்குதான் பக்கத்துத் திடல். திடல் மூடப்பட்டதால் பழக்கம் மூடப்பட்டுவிடவில்லை. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஹாங்காங்கிலும் ஓடும் குதிரைகளைக் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. அவற்றோடு ஒவ்வொரு ஜாக்கியும் இந்தப் பருவத்தில் எத்தனை முறை ஏறினார், எத்தனை முறை வென்றார் என்ற கணக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கனவில் வந்த எண்ணையும் காதில் விழுந்த 'டிப்'பையும் நம்பிக் கட்டியவர், இப்போது ஜாக்கியின் வெற்றி விழுக்காட்டைப் பார்த்துக் கட்டுகிறார். இதை அறிவு வளர்ச்சி என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒரு பாதி அது உண்மை. ஜாக்கி புள்ளிவிவரம் பந்தயத்தைப் புரிந்துகொள்ள நல்ல கருவி. ஆனால் பந்தயத்தில் காசு பார்க்கவும் அதுவே வழி என்ற முடிவு அந்தப் புரிதலிலிருந்து பிறக்காது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் கணக்குப் பார்த்துக் கட்டுபவரின் அடிப்படைப் பிழை.

முதலில் இந்த முறையின் வலிமையைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜாக்கி வெறும் சுமை அல்ல. கேட் திறந்ததும் எந்த இடத்தைப் பிடிப்பது, உள்வளைவில் அடைபடாமல் குதிரையை எப்படி வெளியே கொண்டுவருவது, கடைசி 400 மீட்டருக்கு எவ்வளவு மூச்சை மிச்சம் வைப்பது ஆகியவை எல்லாம் அவர் எடுக்கும் முடிவுகள். பிரேசில் நாட்டு ஜாக்கி ஜோவாவ் மொரெய்ரா 2013 செப்டம்பர் 6 அன்று கிராஞ்சியில் எட்டுக் குதிரைகளில் ஏறி எட்டிலும் வென்றார். இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. கல்வியுலகமும் ஜாக்கியை எண்ணிக்கையில் சேர்த்தே பார்த்திருக்கிறது. 1986-இல் போல்டன், சாப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பந்தயங்களை வைத்து உருவாக்கிய புகழ்பெற்ற மாதிரியில், குதிரையின் வேகம், சுமக்கும் எடை, புறப்படும் இடம் ஆகியவற்றோடு ஜாக்கியின் வெற்றி விழுக்காடும் ஓர் அளவாக இடம்பெற்றது. ஆகவே, வதந்தியை விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்பவர் ஒருபடி முன்னேறியவர்தான். சான்று கேட்கும் பழக்கம் எங்கே வந்தாலும் வரவேற்கத்தக்கது. குறை அந்தப் பழக்கத்தில் இல்லை, எண்ணிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

வெற்றி விழுக்காடு என்பது ஜாக்கியின் திறமையை மட்டும் அளப்பதில்லை. அவருக்குக் கிடைத்த குதிரைகளையும் சேர்த்தே அளக்கிறது. ரப்பர்த் தோட்டத்து அனுபவம் உள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நல்ல இளமரங்கள் நிற்கும் நிரை ஒருவருக்கும், பட்டை தேய்ந்த கிழட்டு மரங்கள் மற்றவருக்கும் கிடைத்தால், பால் நிறுக்கும் இடத்தில் தராசு காட்டும் எடையை வைத்து யார் கை தேர்ந்த கை என்று முடிவு செய்ய முடியாது. பந்தயத்திலும் இதுவே நடக்கிறது. பேர்பெற்ற ஜாக்கியைப் பெரிய பயிற்றுநர்கள் தேடி வருகிறார்கள். நல்ல குதிரை அவருக்குப் போகிறது, அதனால் வெற்றி கூடுகிறது, வெற்றி கூடியதால் இன்னும் நல்ல குதிரை வருகிறது. 22 விழுக்காடு வென்றவருக்கும் 9 விழுக்காடு வென்றவருக்கும் உள்ள இடைவெளியில் எவ்வளவு கைத்திறன், எவ்வளவு குதிரையின் கால் என்று அந்த ஒற்றை எண் சொல்லாது. அதைப் பிரித்தறிய, ஒரே குதிரை வெவ்வேறு ஜாக்கிகளின் கையில் எப்படி ஓடியது, ஒரு ஜாக்கி ஏறிய குதிரைகள்மேல் பந்தயக்காரர் கூட்டம் வைத்த எதிர்பார்ப்பைவிட அவர் கூடுதலாக வென்றாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பயிற்சி ஜாக்கிகளுக்குத் தரப்படும் எடைச் சலுகையும் கணக்கைக் குழப்பும். அந்த வெற்றிகளில் ஒரு பங்கு, குதிரை முதுகில் குறைந்த சில கிலோவுக்கு உரியது. சலுகை முடிந்ததும் அதே இளைஞரின் விழுக்காடு சரிந்தால், அவர் திறமை இழந்துவிட்டார் என்று பொருள் ஆகாது.

அடுத்தது எண்ணிக்கையின் சிறுமை. 'இந்தத் தூரத்தில், இந்தப் பயிற்றுநரோடு, ஈரத் தரையில் இவர் 20-க்கு 4' என்று பந்தயக்காரர் நுணுகிப் பார்க்கிறார். நுணுக நுணுக உண்மை நெருங்குகிறது என்று தோன்றும், நடப்பது அதற்கு நேர்மாறு. 20 ஓட்டத்தில் 4 வெற்றி என்றால் 20 விழுக்காடு. ஆனால் புள்ளியியல் வழக்கப்படி 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது, அவருடைய உண்மையான அளவு ஏறத்தாழ 8-க்கும் 42-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதுதான். 8 என்றால் அவர் சாதாரணமானவர், 42 என்றால் மாமேதை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத எண்ணை நம்பிக் கைக்காசை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டுவதற்குச் சமம். 400 ஓட்டத்தில் 80 வெற்றி என்றால் அந்த இடைவெளி 16-க்கும் 24-க்கும் இடையே சுருங்கிவிடும். ஆனால் 400 ஓட்டம் சேர்வதற்குள் ஜாக்கிக்கு வயதாகிறது, பயிற்றுநர் மாறுகிறார், குதிரைகள் ஓய்வு பெறுகின்றன. இப்போது திடல்களே மறைந்துவிட்டன. கிராஞ்சியிலும் பினாங்கிலும் சேர்ந்த எண்கள் அந்தத் திடல்களின் வளைவுகளிலும் அங்கிருந்த போட்டியாளர்களுக்கு எதிராகவும் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தூக்கி ஈப்போ ஓட்டத்துக்குப் பொருத்துவது, ஒரு பாடத்தின் மதிப்பெண்ணை வைத்து வேறொரு பாடத்தின் தேர்ச்சியைச் சொல்வது ஆகும்.

இந்தக் குறைகள் எல்லாம் தீர்ந்து, ஜாக்கியின் திறமையைத் துல்லியமாக அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் முக்கியமான தடை எதிரே வந்து நிற்கிறது. டோட் முறையில் பந்தயக்காரர் திடலோடு மோதுவதில்லை, மற்றப் பந்தயக்காரர்களோடு மோதுகிறார். எல்லாருடைய பணமும் ஒன்றாகக் குவிகிறது, அதில் கிளப்பும் அரசும் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்கின்றன, மிஞ்சியதை வென்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். எந்தக் குதிரைமேல் அதிகம் பேர் கட்டினார்களோ அதற்குக் கிடைக்கும் விலை, அதாவது வென்றால் திரும்பும் தொகை, குறைகிறது. சிறந்த ஜாக்கி யார் என்பது ஊரறிந்த செய்தி, அது உங்கள் கைப்பேசிக்கு மட்டும் வந்த இரகசியம் அல்ல. அவர் ஏறிய குதிரை வெல்லும் வாய்ப்பு கூடியது போலவே, வென்றால் கிடைக்கும் தொகை குறைந்தும் போயிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. முதல்நிலை ஜாக்கி நூற்றுக்கு 25 முறை வெல்கிறார், வெல்லும்போது 10 வெள்ளிக்குச் சராசரி 32 வெள்ளி திரும்புகிறது என்று கொள்வோம். நூறு ஓட்டத்துக்கு 1,000 வெள்ளி கட்டியவர் கையில் 800 வெள்ளி நிற்கும். பேர் தெரியாத ஒருவர் நூற்றுக்கு 8 முறைதான் வெல்கிறார், ஆனால் 10 வெள்ளிக்கு 110 வெள்ளி திரும்புகிறது என்றால், கையில் நிற்பது 880 வெள்ளி. இருவரிடமும் நட்டம்தான். ஆனால் 'சிறந்த' ஜாக்கியிடம் நட்டம் அதிகம். வெற்றி விழுக்காடு எவர் வெல்வார் என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. பணம் கட்டுபவர் கேட்க வேண்டியதோ, இந்த விலைக்கு இது தகுமா என்பது. அந்தக் கேள்விக்கான விடை ஜாக்கிப் பட்டியலில் இல்லை.

முதலில் எடுக்கப்படும் பங்கையும் இலேசாக நினைத்துவிடக் கூடாது. ஹாங்காங்கில் வெற்றிப் பந்தயத்துக்கு அது 17.5 விழுக்காடு. கணக்குக்கு எளிதாக 20 என்று வைத்தால், 100 வெள்ளியோடு உட்கார்ந்து, திரும்பி வந்ததை எல்லாம் அடுத்த ஓட்டத்தில் மீண்டும் கட்டும் கூட்டத்திடம், ஐந்தாவது ஓட்டத்தின் முடிவில் சராசரியாக 33 வெள்ளியே மிஞ்சும். ஜாக்கியைப் பற்றிய அறிவு இந்தச் சரிவை முழுதாக ஈடுகட்ட வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதுதான் இலாபம். மற்றவர்களைவிடச் சற்று அதிகம் தெரிந்திருப்பது இங்கே போதாது, நாலில் ஒரு பங்கு அளவுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பில் பென்டர். 1980-களில் ஹாங்காங் வந்த இந்த அமெரிக்கர், கணினி மாதிரியைக் கொண்டு பந்தயத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தார். எண்களால் வெல்ல முடியும் என்பதற்கு அவரே சான்று என்பார்கள். ஆனால் 1994-இல் அவரே எழுதி வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் கிடைக்கும் பாடம் வேறு. அவர் ஜாக்கியை மட்டும் நம்பவில்லை, பல அளவுகளை ஒன்றாக நெய்தார். அதைவிட முக்கியமாக, தம் மாதிரியின் கணிப்பைக் கூட்டம் வைத்த விலையோடு இணைத்தபோதுதான் அது பயன்தரும் கருவியானது. கூட்டத்துக்குத் தெரிந்தது தம் கணினிக்கு முழுதாகத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அவர் வென்றார். அதற்குப் பல ஆண்டு உழைப்பும், நட்டத்தைத் தாங்கும் முதலும், ஓயாமல் தரவு சேர்க்கும் ஆட்களும் தேவைப்பட்டன. இன்று அதே குவியலில் அத்தகைய குழுக்களும் பணம் கட்டுகின்றன. பட்டணத்து உணவுக்கடை மேசையில் ஜாக்கிப் பட்டியலைப் புரட்டுபவர் பென்டரின் வாரிசு அல்லர், பென்டர்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்.

இன்னொரு மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. தமிழக அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரி 12-இல் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் ஆற்றலும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்ற அந்த வாதத்தை இந்தக் கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் திறமை இருக்கிறது என்பதும், அது கட்டுபவருக்கு இலாபம் தரும் என்பதும் வேறு வேறு. ஏறுகிறவரின் திறமை கூடினால், அவர்மேல் கட்டுகிறவரின் இலாபமும் கூடும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. சிறிய திடல்களில் கூட்டம் குறைவு, விலை சரியாக அமைவதில்லை, ஆகவே அறிந்தவருக்கு வாய்ப்பு உண்டு என்பது மூன்றாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் சிறிய குவியலில் நீங்கள் பெருந்தொகை கட்டினால் உங்கள் பணமே விலையைக் கீழே இழுத்துவிடும். சிறுதொகை கட்டினால் அறிவுக்குக் கிடைக்கும் கூலி ஒரு நாள் சம்பளத்துக்குக்கூட ஈடாகாது.

கெடாவின் சூழலில் இந்த விவாதம் வெறும் கணிதமாக நின்றுவிடுவதில்லை. 2023 தொடக்கத்திலிருந்து மாநில அரசு நாலு நம்பர் லாட்டரிக் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. கடைக்குப் பூட்டுப் போடலாம், ஆசைக்குப் போட முடியாது. எல்லையைத் தாண்டினால் பினாங்கு, கைப்பேசியைத் திறந்தால் இணையம், பக்கத்திலேயே சட்டத்துக்குப் புறம்பாகப் பந்தயம் வாங்கும் புக்கி. 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி புக்கி மட்டுமன்றி அவரிடம் கட்டுபவரும் குற்றவாளியாகிறார். அதைவிடக் கொடியது, புக்கி கடனுக்கு எழுதிக்கொள்வதுதான். கையில் இருக்கும் காசு தீர்ந்தால் ஆட்டம் நிற்கும் என்ற இயற்கையான தடை அங்கே இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபின் பட்டணத்துக்கு வந்து, தொழிற்சாலைச் சம்பளத்தில் வீட்டுத் தவணையும் பிள்ளை படிப்பும் பார்க்கும் குடும்பத்துக்கு அந்தக் கடன் வட்டிக்காரரின் வாசல்வரை கொண்டுபோய் விடும். இந்த இடத்தில்தான் ஜாக்கி புள்ளிவிவரம் தன் மிகப் பெரிய தீங்கைச் செய்கிறது. அதிர்ஷ்டத்தை நம்பியவர் தோற்றால் அதிர்ஷ்டம் இல்லை என்று ஒருநாள் விட்டுவிடக்கூடும். கணக்கை நம்பியவருக்கு ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு விளக்கம் கிடைக்கிறது: கேட் சரியில்லை, தரை ஈரம், எடை கூடிவிட்டது. விளக்கம் கிடைத்தவுடன் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அறிவின் உடையைப் போட்டுக்கொண்டு வரும் பழக்கத்தை மனைவியாலும் பிள்ளைகளாலும் தட்டிக்கேட்க முடிவதில்லை.

பொழுதுபோக்குக்காகத்தானே என்பவருக்கும் மறுமொழி உண்டு. படம் பார்க்கச் செலவழிப்பது போல ஒரு தொகையை ஒதுக்கி, அது போய்விட்டது என்று முன்பே ஒப்புக்கொண்டு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் கட்டுபவருக்கு ஜாக்கிப் பட்டியல் சுவை கூட்டும். அதில் தவறில்லை. ஆனால் இதைச் சம்பாத்தியம் என்று சொல்பவர் ஒரு சோதனைக்கு உடன்பட வேண்டும். அடுத்த இருநூறு ஓட்டங்களுக்கு ஒரு காசும் கட்டாமல், எந்த ஜாக்கியைத் தேர்ந்தார், கடைசி விலை என்ன, எவ்வளவு திரும்பியிருக்கும் என்று முன்கூட்டியே தேதியிட்டு எழுதி வரட்டும். பக்கத்திலேயே, எதுவும் யோசிக்காமல் அதிகம் பேர் கட்டிய குதிரையிலேயே கட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்கையும் எழுதட்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், தம் அறிவுக்குச் சந்தையில் என்ன விலை என்பது தெரிந்துவிடும். புள்ளிவிவரத்தை உண்மையாக நம்புகிறவர் இந்தச் சோதனைக்கு அஞ்சத் தேவையில்லை. இருநூறு ஓட்டம்கூடச் சிறிய எண்ணிக்கைதான். அதில் வந்த இலாபம் திறமையை உறுதியாகக் காட்டாது. ஆனால் தெளிவான நட்டம் வந்தால், அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட ஒரு காரணமும் இல்லை. ஜாக்கிகளின் தோல்விகளை வரிவரியாக எண்ணத் தெரிந்தவர் தம்முடைய தோல்விகளையும் அதே கண்டிப்போடு எண்ணட்டும். அப்படி எண்ணத் துணியாதவரைக்கும் வீட்டுக் காசைப் பந்தயத்தில் வைக்கும் உரிமையை அவருடைய கணக்கு அவருக்குத் தராது.